பெண் என்று சான்றிதழ் தருவது யார் வேலை?

கல்லூரி வாசகர் வட்டங்களில் பெண்ணியம் பற்றிப் பேசப் போனால், கேள்வி நேரத்தில் இப்போதெல்லாம் தவறாமல் இது வந்துவிடுகிறது: "பெண்கள் இயக்கத்தில் திருநங்கைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. இன்ஸ்டாகிராமில் இரண்டு தரப்புச் சண்டையையும் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு கேட்கிறார்கள். ஆனால் அந்தச் "சேர்த்துக்கொள்ளலாமா" என்ற சொல் எங்களுக்கு உறுத்துகிறது. வீடு ஒருவருடையது, வாசலில் நிற்பவர் இன்னொருவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட சொல் அது. இந்த வீட்டுச் சாவியை யார், எப்போது, யாரிடம் கொடுத்தார்கள்?

தலித் பெண்களுக்கு இந்த வாசல் பழக்கமானதுதான். 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு எதற்காக உருவானது? பெண்கள் இயக்க மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் சவர்ணப் பெண்கள். தலித் இயக்க மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரண்டுக்கும் நடுவில் விடப்பட்டவர்கள் தனியாகக் கூடினார்கள். தலித் பெண்கள் தனித்துப் பேசுவதன் நியாயத்தை விளக்கி கோபால் குரு அதே ஆண்டு எழுதிய கட்டுரையை மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். சாதியைப் பேசினால் பெண்களின் ஒற்றுமை உடைந்துவிடும் என்று அன்று தலித் பெண்களிடம் சொன்னார்கள். பாலின அடையாளத்தைப் பேசினால் பெண் என்ற சொல்லே உடைந்துவிடும் என்று இன்று திருநங்கைகளிடம் சொல்கிறார்கள்.

பெண் என்றால் உடல், உடலில் என்ன அரசியல் என்று வாதிடுகிறவர்கள் தோள்சீலைப் போராட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை கேட்டுப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். உடலமைப்பில் அவர்களுக்கும் உயர்சாதிப் பெண்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. 1859 ஜூலையில் மன்னர் அரசு இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டபோதும் ஒரு நிபந்தனை போட்டது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. அதாவது நீங்களும் பெண்கள்தான், ஆனால் அவர்களைப் போன்ற பெண்கள் இல்லை. திருநங்கைகள் இன்று நாகரிகமான ஆங்கிலத்தில் கேட்பதும் இதே வாக்கியத்தைத்தான்.

இன்னும் பக்கத்தில் வருவோம். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி, 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்த நீதிமன்றம், மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் கருதியது. அவர் வழக்கின் அடியாகப் பிறந்ததுதான் 1997இன் விசாகா தீர்ப்பு. இன்று உங்கள் கல்லூரியிலும் ஐ.டி. நிறுவனங்களிலும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான புகார் குழு இருக்கிறதென்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. குழு எல்லாருக்கும் கிடைத்தது. பன்வாரிக்கு நீதி கிடைக்கவில்லை. மானம் உள்ள பெண் யார், வன்முறை நடந்தால் நம்பத் தகுந்த பெண் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், பெண் என்பது பிறப்பிலேயே முடிந்துபோன உண்மை என்று பேசுவது எங்களுக்கு விந்தையாக இருக்கிறது.

சமத்துவச் சட்டத்தில் "பெண்" என்ற சொல் பிறப்புப் பாலினத்தையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நம் ஊரிலும் சிலர் வெற்றிச் செய்தியாகப் பகிர்ந்தார்கள். மேற்கிலிருந்து இறக்குமதி செய்வதென்றால் வேறு சரக்கும் இருக்கிறது. 1977இல் பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண்ணியர்கள் வெளியிட்ட கொம்பாகி ரிவர் கூட்டமைப்பின் அறிக்கை, உடலின் பிறப்பை வைத்து அரசியல் கட்டுவது ஆபத்தானது, பிற்போக்கானது என்று தெளிவாகச் சொன்னது. பிறப்பை வைத்துத் தங்களை அடிமைப்படுத்தியவர்களைப் பார்த்த பெண்கள் அவர்கள். பிறப்பே விதி என்ற தத்துவம் அவர்களுக்கு இனிக்கவில்லை. நமக்கு மட்டும் இனிக்குமா?

அடுத்து வருவது கழிப்பறை. இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முடிகிறது. பெண்களின் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயப்படும் பெண்களை நாமும் அறிவோம். தாழ்ப்பாள் இல்லாத கதவு, விளக்கு இல்லாத வழி, வெளியே நின்று சீட்டியடிக்கும் ஆண்கள், கழிப்பறையே இல்லாத சேரி, இவைதான் அந்தப் பயத்தின் காரணங்கள். ஆண்கள் பக்கம் போனால் அடியும் சீண்டலும் கிடைக்கும் என்று தெரிந்த திருநங்கையின் பயமும் இதே பயம்தான். (அந்தக் கழிப்பறைக்குள் யார் நுழையலாம் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள், அதை யார் கழுவுகிறார்கள், அவர்கள் எந்தச் சாதி என்று ஒரு நிமிடமாவது கேட்டிருக்கிறார்களா?)

சரி, திருநர்களை வீடு ஏன் துரத்துகிறது? வெறும் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்களுக்கு இதில் அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த சாதி குறித்த கட்டுரைதான் வழிகாட்டுகிறது. அகமணமுறைதான் சாதியின் உயிர் என்கிறார் அவர். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண், பெண் கணக்கு நேராக வர வேண்டும். கணவனை இழந்த பெண் கணக்கில் உபரியாகிறாள். அவளை எரித்தார்கள், அல்லது விதவைக் கோலத்தில் ஒடுக்கினார்கள். சிறுமிகளுக்கு மணம் முடித்தார்கள். இவையெல்லாம் சாதியைக் காக்கும் ஏற்பாடுகள் என்பது அவர் வாதம்.

இந்தக் கணக்கில் ஒரு திருநங்கையை வைத்துப் பாருங்கள். மகன் என்று எண்ணி வளர்த்த பிள்ளை மாப்பிள்ளையாக மறுக்கிறது. வாரிசு, சொத்து, சம்பந்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. திருநம்பியை வைத்துப் பாருங்கள். மகள் என்று எண்ணிய பிள்ளை, வேறு சாதிக்காரனோடு போவது இருக்கட்டும், மணமகளாகவே மறுக்கிறது. அகமணச் சந்தைக்கு இவர்கள் உதவாத உடல்கள். ஆகவே ஒருவரைத் தெருவுக்குத் துரத்துகிறார்கள், இன்னொருவரை அறைக்குள் பூட்டுகிறார்கள். இந்தப் பூட்டிவைத்தல் பற்றிப் பேச்சே இல்லை. பெண்ணியத்துக்கும் திருநர் இயக்கத்துக்கும் உள்ள உறவு என்றதும் எல்லாரும் திருநங்கையைப் பற்றியே பேசுகிறார்கள். படிப்பை நிறுத்தி, கைபேசியைப் பிடுங்கி, கட்டாயக் கல்யாணம் பேசப்படும் திருநம்பி, பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்கான முழுத் தண்டனையையும் அனுபவிக்கிறார். அவர் விஷயத்தில் பெண்கள் இயக்கம் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கே ஒன்றும் இல்லை.

அவர் தப்பி ஓடினால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். பெற்றோர் காவல் நிலையத்தில் "காணவில்லை" என்று புகார் தருவார்கள். காவலர்கள் பிடித்துவந்து "குடும்பத்தோடு போ" என்று கட்டப் பஞ்சாயத்து நடத்துவார்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்த இணையர்கள் உட்கார்ந்த அதே பெஞ்சு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய புகார்களில் சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பெற்றோருக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கு அது. சாதி மறுப்பு இணையர்களுக்காகக் காவல் நிலையம் போகும் தோழர்கள் அந்த உத்தரவின் நகலையும் பையில் வைத்திருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2013இல் நீதிபதி வர்மா குழு, திருநர்கள் மீதும் பாலியல் வன்முறை நடக்கிறது, சட்டம் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு முதலில் கொண்டுவந்த அவசரச் சட்டம், பாதிக்கப்பட்டவர், குற்றவாளி இரண்டு இடத்திலும் பாலினத்தை நீக்கிவிட்டது. பெண்கள் மீதே வல்லுறவு வழக்குப் போடும் நிலை வரும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் கடைசியில் வந்த சட்டத்தில் குற்றவாளி ஆண், பாதிக்கப்பட்டவர் பெண் என்று எழுதி முடித்தார்கள். பாதிக்கப்பட்ட திருநர்கள் பெயர் அதில் ஏறவே இல்லை. பிறகு 2019இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் ஒன்று வந்தது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதில் வைக்கப்பட்ட தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. பெண் மீதான வல்லுறவுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

ஒரே செயல். ஒரே காயம். உடல் யாருடையது என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது. குற்றம் செய்தவனின் சாதியையும் பாதிக்கப்பட்டவரின் சாதியையும் பார்த்துத் தண்டனை எழுதிய மனுவின் நூலை எரித்த மரபில் வந்தவர்கள் நாம். இதைத் திருநர்களின் தனிப் பிரச்சினை என்று எப்படி விட முடியும்?

அதே 2019 சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றும் கேட்டது. தன் பாலினத்தைத் தானே அறிவிக்கலாம், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் சொன்ன பிறகும் இது நடந்தது. தலித் கிறித்தவர்களுக்கு இந்த மொழி புரியும். சேரியில் பிறந்து, சேரியில் வாழ்ந்து, சேரிக்காரர் என்று அடிவாங்கினாலும், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதி இல்லை. நீ யார் என்று உன் வாழ்க்கை சொல்வது செல்லாது, காகிதம் சொல்வதே செல்லும்.

இப்போது இடஒதுக்கீடு. இளம் தோழர்கள் பலருக்கு இது குழப்பமாக இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதிவாரி ஒதுக்கீடு செங்குத்தானது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, பழங்குடிக்கு 1, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தூண்கள். பெண்களுக்கான 30 விழுக்காடும் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடும் கிடைமட்டமானவை. எல்லாத் தூண்களையும் குறுக்காக வெட்டிச் செல்பவை. அதனால்தான் ஒரு தலித் பெண், தலித் இடத்தையும் இழக்காமல் பெண் இடத்தையும் இழக்காமல் போட்டியிட முடிகிறது.

நால்சா தீர்ப்பு திருநர்களைச் சமூகரீதியாகவும் கல்வியிலும் பிற்படுத்தப்பட்டவர்களாகக் கருதச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2015இல் அவர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அதாவது குறுக்கே ஓட வேண்டியதை ஒரு தூணுக்குள் திணித்தது. விளைவைப் பாருங்கள். பட்டியல் சாதியில்லாத ஒரு திருநங்கை தன் சாதிப் பிரிவு, மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு, இரண்டில் எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் திருநங்கை தன் பிரிவிலேயே இருக்க வேண்டும். திருநர் என்பதற்காக அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். இரண்டு பக்கமும் அடிவாங்கியவருக்கு ஒரு பக்கத்துச் சலுகைகூட இல்லை. பெண் என்று பதிவு செய்துகொண்ட திருநங்கைகள், பெண்களுக்கான 30 விழுக்காட்டுக்குள் மற்றப் பெண்களோடு போட்டியிட வேண்டும். "எங்கள் இடத்தைப் பறிக்கிறார்கள்" என்ற முணுமுணுப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏழைப் பெண்ணையும் திருநங்கையையும் ஒரே நாற்காலிக்காக மோதவிட்டது அரசாணை, பழி திருநங்கைக்கு.

இதை முதலில் தெளிவாகக் கண்டு தெருவிலும் நீதிமன்றத்திலும் பேசியவர்கள் தலித் திருநங்கைகள். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானு கிடைமட்ட இடஒதுக்கீடு என்ற கோரிக்கையைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறார். 2021இல் கர்நாடகம் அரசுப் பணிகளில் எல்லாப் பிரிவுக்குள்ளும் 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும், பாலின அடையாளத்தைச் சாதியைப் போலக் கருதுவது சரியில்லை என்று 2015 அரசாணையைக் குறை கண்டு, கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கச் சொன்னது. சமூகநீதியின் தாய்மண் என்று மேடைதோறும் முழங்கும் மாநிலம் அண்டை மாநிலத்தைப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

1 விழுக்காடு என்றால் எவ்வளவு? ஆயிரம் பணியிடத்தில் பத்து. அதில் பட்டியல் சாதித் திருநருக்கு ஒன்றோ இரண்டோ. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத "மற்றவர்" என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 78,811, ஏறக்குறைய ஆறில் ஒருவர். நாட்டின் எழுத்தறிவு 74 விழுக்காடாக இருந்தபோது இவர்களிடையே அது 56தான். பயந்து பதிவு செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

திருநர் இயக்கத்துக்குள் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லிவிங் ஸ்மைல் வித்யா தலித் திருநங்கையாக இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2018 நவம்பரில் கின்னர் அகாடாவின் லக்ஷ்மி நாராயண் திரிபாதி அயோத்தியில் ராமர் கோயில் கட்டுவதை ஆதரித்தபோது, அதைக் கண்டித்து நாடெங்கும் திருநர்களும் அமைப்புகளும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். "நீங்கள் தெய்வப் பிறவி" என்று ஆசீர்வாதம் வாங்க வருகிறவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். காந்தி நமக்கு வைத்த பெயரும் கடவுளின் பிள்ளைகள்தானே. சித்திரையில் கூவாகத்துக்குக் கேமராவோடு ஓடும் ஊடகங்கள், கிடைமட்ட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு அதே வேகத்தில் வந்தால் நன்றாக இருக்கும்.

பெண்ணியத் தோழர்களிடம் ஒன்று. 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சில வாரங்களில் அது திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. எந்தப் பெண்ணின் இருக்கையும் காணாமல் போகவில்லை. சாதாரண உழைக்கும் பெண்கள் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். கோட்பாட்டுச் சண்டை கருத்தரங்கில்தான் நடக்கிறது.

சாதி ஒழிப்புத் தோழர்களிடமும் ஒன்று. அமைச்சருக்கு வளையலும் புடவையும் அனுப்பும் போராட்டம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்கும் பிடித்தது. கோழை என்று திட்ட "பொட்டை" என்கிறார்கள். அந்த ஒரு சொல் பெண்ணையும் திருநங்கையையும் சேர்த்தே அடிக்கிறது. அடிப்பவனுக்கு இருவரும் வேறுவேறு இல்லை. வளையல் போட்டவர் கேவலமானவர் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டு வசைக்கும் மூலதனம். பெண் விடுதலைக்கு ஆண்மை என்ற கருத்தே ஒழிய வேண்டும் என்று பெரியார் எழுதியதைப் படித்துவிட்டு, மறுநாள் ஊர்வலத்தில் "ஆண்மையிருந்தால் பதில் சொல்" என்று முழக்கம் போட முடியாது.

அடுத்து மாவட்ட ஆட்சியரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ நீங்கள் கொடுக்கப்போகும் மனுவில், ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டம், விடுதி வசதி, கல்வி உதவித்தொகை என்று எழுதிய பிறகு இரண்டு வரி சேருங்கள். எல்லாப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு 1 விழுக்காடு கிடைமட்ட இடஒதுக்கீடு. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு, பெண் மீதான வன்முறைக்கு உள்ள அதே தண்டனை. மனுவைக் கொடுக்கப் போகும்போது உங்கள் ஊர் திருநங்கைத் தோழரையும் திருநம்பித் தோழரையும் அழைத்துப் போங்கள். புகைப்படத்துக்கு ஓரத்தில் நிறுத்தாமல், ஆட்சியரிடம் பேசும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.